பேட்டரியைக் கொன்ற வெள்ளிக்கிழமைகள்

டிக்.

அவ்வளவுதான் சத்தம். கட்டைவிரலை எடுத்துவிட்டுப் பட்டனை மறுபடி அமுக்கினேன். டிக். பைக் மீட்டரில் எரிந்த பச்சை விளக்கு ஒரு தரம் மங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது.

"என்னட்டி, ஸ்டார்ட் ஆவலியா?" என்று அடுக்களை வாசலில் இருந்து மாமி கேட்டாள். மாமி என்றால் என் மாப்பிள்ளையின், அதாவது என் புருஷனின் அம்மா.

"நீங்க வேற மாமி, சும்மா இருங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம."

மணி எட்டுகூட ஆகவில்லை, முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் பதினொன்றரை மணிக்கு அத்தான் கல்ஃபில் இருந்து வீடியோவில் கூப்பிடுவார். என் மாப்பிள்ளையை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவது. அவர் எடுத்தவுடன் சாப்பிட்டியா, சௌக்கியமா என்றெல்லாம் கேட்கும் ஆள் இல்லை. "வண்டிய ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்" என்பார். நான் போனை சைலன்சர் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் ரூமில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு, நன்றாக இருக்கிறது என்ற அர்த்தத்தில், "கொள்ளாம், ஆஃப் பண்ணு" என்பார். அதற்கு அப்புறம்தான் எனக்கு முறை வரும்.

நாளைக்கு இந்த டிக்கையா கேட்கக் கொடுப்பது?

தெருவே உறுமும்

கொட்டாரம் ஊரில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. ஏழு வீட்டில் ஆண்கள் கல்ஃபில். ஏழு வீட்டு முற்றத்திலும் ஒரு வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அவர்கள் துணி துவைத்து, குளித்து முடிக்கும் நேரம் நமக்குப் பதினொன்று, பதினொன்றரை. அப்போது வந்து பாருங்கள். ஒவ்வொரு வீடாகத் தார்ப்பாய் விலகும். அந்த வீட்டில் டுர்ர், இந்த வீட்டில் டுர்ர். தெருவே உறுமும். ரெண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, திரும்பவும் மீன்காரன் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது கோயிலில் தீபாராதனை மாதிரி, தவறக்கூடாது.

இதில் நான் ஒரு படி மேலே. வெள்ளிக்கிழமை மானம் போய்விடக்கூடாது என்று வியாழக்கிழமையே ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து வைத்துக்கொள்வேன். எனக்கு எதையும் காத்திருந்து பார்க்கும் பொறுமை கிடையாது. நான் தைத்துக் கொடுக்கும் ஜாக்கெட்டுகூட சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிடும். போன வாரம் இதே பத்தியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே நான் பந்தலுக்கு வந்து நின்றதைச் சொன்னேன் அல்லவா, அதே கேஸ்தான். மாமி இதை 'வெப்ராளம்' என்பாள். இருப்புக் கொள்ளாமல் பறக்கிற குணம்.

சக்களத்தி

அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போன தரம் அத்தான் லீவுக்கு வந்தபோது வாங்கியது. கறுப்பு. கிக்கர் கிடையாது, பட்டன் அமுக்கினால்தான் உண்டு. நாற்பத்தைந்து நாள் லீவில் நாற்பது நாள் அதை ஓட்டினார், மீதி ஐந்து நாள் அதைத் துடைத்தார். கிளம்பும்போது, "ஒருத்தன்கிட்டயும் குடுக்கப்படாது" என்று உத்தரவு. அவர் கூடப்பிறந்த தம்பி ஒரு கல்யாணத்துக்குப் போக ஒரு நாள் கேட்டான். மாட்டேன் என்று அங்கே இருந்தே போனில் சொல்லிவிட்டார். தம்பி ஆறு மாசம் வீட்டுப் படி ஏறவில்லை.

நான் ஓட்டலாமா என்று கேட்டேன். பழைய ஸ்கூட்டி ஒன்றை நான் ஓட்டியிருக்கிறேன், பழக்கம் இல்லாதவள் இல்லை. "கியர் வண்டியாக்கும், போட்டு ஒடச்சிருவா" என்று ரூமில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. வண்டியா அது, எனக்குச் சக்களத்தி.

ஆனால் அந்த மாசம் அந்தச் சக்களத்தி எனக்கு வேண்டியிருந்தாள். அத்தான் பதினோரு வருஷமாக அங்கே பைப் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். கம்பெனியில் ஒரு பேப்பர் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம், போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு கட்டியாயிற்று, இனி எதற்கு அங்கே? வந்துவிடுங்கள் என்று அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். "பாப்போம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"அவனுக்கு வண்டின்னா உசுரு. வண்டியச் சொல்லித்தான் அவன இழுக்கணும்" என்று மாமி சொன்னாள். எனக்கும் அது சரியென்று பட்டது. சத்தத்தைக் கேட்கும்போது அவர் முகம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சத்தத்தைக் கேட்டுவிட்டு, போதும், வாறேன் என்று சொல்லிவிட மாட்டாரா?

சக்களத்தியைக் காட்டி மாப்பிள்ளையை வீட்டுக்கு இழுக்கப் பார்த்த பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஒரு குடம், ஒரு டம்ளர்

கொட்டாரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றான். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் முற்றத்துக்கும் வாசலுக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று மாமிதான் சொல்ல வேண்டும்.

வந்தவன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். பேட்டரியில் வயர் மாட்டும் ரெண்டு காதிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. அதற்கு மேல் பிசுபிசுவென்று ஏதோ.

"இது என்னது அக்கா?"

"தேங்கா எண்ணெ" என்று மாமி முந்திக்கொண்டு சொன்னாள். "துரு ஏறப்படாதுன்னு நான்தான் தேச்சேன்."

ஸ்டீபன் பேட்டரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஓரத்தில் மேல் கோடு, கீழ் கோடு என்று ரெண்டு இருக்கிறது, தண்ணீர் அதற்கு நடுவில் நிற்க வேண்டும். ஆறு அறையில் நாலில் கீழ் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

"தண்ணி ஊத்துவியளா?"

"ரெண்டு மாசம் முன்னால ஊத்துனேனே. கெணத்துத் தண்ணி. துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்" என்றேன்.

அவன் தலையில் கை வைத்தான். "இங்க கெணத்துல உப்பு கரிக்கும். இதுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், வேற எதுவும் ஆவாது. சரி, எத்தன நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுவிய?"

எனக்குப் பெருமை. "ஒரு வாரம் தவறுனது இல்ல. வெள்ளிக்கிழம ரெண்டு நிமிசம். வியாழக்கிழம ஒருக்கா செக் பண்ணி வைப்பேன்."

"வியாழக்கிழமையுமா!" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, நீங்க வண்டியப் பாத்துக்கிடுதியளா, கொல்லுதியளா? செல்ஃப் ஒருக்கா அமுக்குனா பேட்டரியிலருந்து ஒரு குடம் கோரியாச்சு. ரெண்டு நிமிசம் சும்மா நின்னு ஓடுனா அது திரும்ப ஊத்துதது ஒரு டம்ளர். வாரத்துக்கு ரெண்டு குடம் கோரி ரெண்டு டம்ளர் ஊத்துனா என்ன மிஞ்சும்?"

"பொறவு என்ன செய்யணும்?"

"ஒண்ணு ரோட்டுல எறக்கி அரமணி நேரமாவது ஓட்டணும். இல்லன்னா வயரக் கழட்டிப் போட்டுட்டுத் தொடாமலே இருக்கணும், மாசம் ஒருக்கா எங்கிட்ட குடுத்தா சார்ஜ் ஏத்தித் தருவேன். ரெண்டுக்கும் நடுவுல இந்தச் சத்தம் கேக்க சோலி ஆவாது."

"இத ஏம்டே இத்தன நாளும் சொல்லல?"

"தெருவுல ஒருத்தரும் கேக்கலியே. இந்த வெள்ளிக்கிழமையாலதான அக்கா என் கட ஓடுது!"

சவத்துப் பயல். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, சிரிப்பும் வந்தது.

மாமியின் போன்

நாளைக்குச் சத்தம் வேண்டுமே என்று அவனிடம் சொன்னேன். "இது சார்ஜ் ஏற ரெண்டு நாளாவும். இப்போ வேணும்னா எனக்க பேட்டரிய வச்சு ஒருக்கா எளக்கித் தாரேன்" என்றான். தன் பையில் இருந்த பேட்டரியில் வயரைக் கொடுத்துப் பட்டனை அமுக்கினான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது, பின்னால் புகை குபுகுபுவென்று வந்தது.

எனக்கு அந்த நேரத்தில்தான் அந்தப் புத்தி வந்தது. மாமி சீரியல் பார்க்கிற போனைப் பிடுங்கி, சைலன்சர் பக்கத்தில் வைத்து ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணிவிட்டேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தடுக்கவில்லை.

மறுநாள் அத்தான் கூப்பிட்டார். நான் கேமராவை வண்டியின் டேங்க் பக்கம் காட்டிக்கொண்டே, இன்னொரு கையில் மாமியின் போனைப் பதிவோடு ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "கொள்ளாம்" என்றார்.

"பேப்பர் என்ன ஆச்சு?" என்றேன்.

"பாப்போம்."

பொய் சொல்லிவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. கழுத்து வைக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்து, ஒரு ஜாக்கெட்டை முழுசாகப் பிரித்தேன்.

ஒரு ஆம்பியர் பொறுமை

பேட்டரியைக் கழற்றுவதற்குக்கூட முறை இருக்கிறது. முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு. காதில் பூத்த பொடியில் வெந்நீரும் ஆப்பசோடாவும் ஊற்றினால் புஸ்ஸென்று நுரைக்கும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். காய்ந்த பிறகு வாஸ்லின். தேங்காய் எண்ணெய் கிடையாது. இதையெல்லாம் ஸ்டீபன் கடையில் நானே கையால் செய்தேன்.

சார்ஜ் ஏற்றுவதுதான் என் உயிரை வாங்கியது. ஆறு மூடியையும் திறந்து வைத்து, ஒரே ஒரு ஆம்பியரில் வைத்தான். உள்ளே பார்த்தால் எப்போதாவது ஒரு குமிழி வரும்.

"கூட்டி வச்சு வெரசா ஏத்துடே."

"வெரசா ஏத்துனா சூடாவும் அக்கா, உள்ள பிளேட்டு வளஞ்சிரும். மெதுவாத்தான் ஏறும்."

அன்றைக்கு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். மறுநாள் நாலு தரம். நாலாவது தரம் ஸ்டீபன் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான். கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்து, "பன்னெண்டர வோல்ட்டுக்கு மேல வந்திருக்கு, ஆனா உள்ள பாதி போச்சு. ஓட்டுனா நிக்கும், நிறுத்திப்போட்டா ஒரு மாசம் தாங்காது" என்றான்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். வண்டி செத்துக் கிடப்பது அத்தானுக்குத் தெரிந்தால், வித்துப்போடு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். பிறகு அவரை எதைச் சொல்லி இழுப்பது?

"அப்போ ஓட்டுட்டி" என்றாள் மாமி. "அவன் அங்க இருந்து என்ன செய்யப் போறான்?"

விடியற்காலை வண்டியை வயல் ஓரத்து ரோட்டில் இறக்கினேன். ஸ்கூட்டிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளட்ச்சை விட்டால் குதித்து நின்றுவிடும். வயலில் நின்ற கொக்கெல்லாம் பறந்து போனது. முதல் நாள் பதினாறு தரம் நின்றது, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு குடம் என்று எனக்குப் பதறியது. நாலாம் நாள் மூன்றாவது கியர் போட்டேன். அப்போது அடித்த காற்று இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனதைப் பால்காரர் பார்த்துவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. ஆனால் சும்மா நிறுத்தி உறும விட எனக்கு மனசு வரவில்லை, ஓட்டுகிறேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. மாமி போனைத்தான் ஓடவிட்டேன். அத்தானும் ரெண்டு தரமும் "கொள்ளாம்" என்றார். பேப்பர் என்று கேட்டால் "பாப்போம்" என்றார்.

மாமி இருமவில்லை

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன். அவர் கூப்பிட்டதும், நானே பட்டனை அமுக்கினேன். பதிவு இல்லை, நிஜமான சத்தம்.

அத்தான் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். "இன்னைக்கு அம்மா எங்க?"

"வீட்டுக்குள்ள இருக்காவ. ஏன்?"

"இருமலியே. மூணு வாரமா வண்டி ஸ்டார்ட் ஆனதும் அஞ்சு எண்ணுததுக்குள்ள அம்மா ரெண்டு தரம் இருமும். ஒரே மாதிரி."

அன்றைக்குப் புகையில் மாமி இருமியது அப்படியே பதிவில் இருந்திருக்கிறது. நான் பதட்டத்தில் ஒரு நாளும் கவனிக்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பேட்டரி செத்தது, ஸ்டீபன் சொன்னது, நான் ஓட்டுவது.

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மனுஷன் திட்டியிருக்க வேண்டும்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

அவர் போனைத் தூக்கிக்கொண்டு ரூமுக்கு வெளியே வந்தார். பின்னால் வெள்ளைச் சுவர், வெயில். "நான் என்னத்தக் கேக்க? நான் கையெழுத்துப் போட்டாச்சு, சுந்தரி."

"எப்போ?"

"பேப்பர் தந்த மொத வாரமே."

அப்படியென்றால் இத்தனை 'பாப்போமு'ம் பொய். நான் வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று நான் கேட்கும் முன்னால் அவரே சொன்னார்.

"எனக்கு அங்க வந்து என்ன செய்யன்னு தெரியல. வெள்ளிக்கிழம அந்தச் சத்தத்தக் கேட்டா, நம்ம வீட்டு முத்தத்துல நிக்க மாதிரி இருக்கும். அது எனக்குப் போதும்னு ஆயிப்போச்சு."

நான் போனை வைத்தேன். அந்தச் சத்தம் அவரை ஊருக்கு இழுக்கும் என்று நினைத்து வாரா வாரம் கேட்க வைத்தேன். அதுதான் அவரை அங்கேயே உட்கார வைத்திருக்கிறது. என் கையாலேயே நான் செய்திருக்கிறேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தேன். "எங்கட்டி?" என்று மாமி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கடலோரத்து வட்டக்கோட்டை வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது. கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன், இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டூரிஸ்ட் பஸ்சில் இருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவரைக் கூப்பிட்டேன். எப்போதும் அவர்தான் கூப்பிடுவார்.

முதல் மணியிலேயே எடுத்தார். "எங்கட்டி இருக்கா?"

"வட்டக்கோட்டையில."

"வண்டியா அது? ஓடிட்டுல்லா இருக்கு..." அவர் காதைப் போனோடு சேர்த்து வைப்பது திரையில் தெரிந்தது.

நான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"ஏன்ட்டி அணச்சா?"

"இனி சத்தம் கேக்கணும்னா ஊருக்கு வந்து கேளுங்க" என்றேன். "போன்ல கெடையாது. ஒரு வெள்ளிக்கிழமையும் கெடையாது."

அவர் போனைக் காதில் இருந்து எடுத்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரி" என்றார்.

அது நடந்து ஒரு வருஷமாகிறது. இப்போதும் வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறார். வண்டி என்ற பேச்சே எடுப்பதில்லை. சாப்பிட்டியா என்கிறார், என்ன மீன் என்கிறார், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்கிறார், சில நேரம் ஒன்றும் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாசம் மாமியிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கம்பெனி ஆபீசுக்குப் போய், ரெண்டு வருஷத்தை ஒரு வருஷமாகக் குறைக்க முடியுமா என்று கேட்டாராம். முடியாது என்றுவிட்டார்களாம்.

"கேட்டானேட்டி, அது போதாதா?" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்குப் போதாது.